பழைய கூப்பே வாங்கப் போறீங்களா? முதலில் பானட்டைத் தொட்டுப் பாருங்க

போன வைகாசியில் மாமா பையன் போன் பண்ணினான். பதினோரு வருஷம் கத்தாரில் இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவன். வந்ததும் தோட்டத்தில் போர் போடுவான், வீட்டுக்கு மேல் மாடி எழுப்புவான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவன் சொன்னது வேறு.

"மச்சான், கோயம்புத்தூர் பக்கம் ஒரு கார் நிக்குது. ரெண்டு கதவு, வி8 இன்ஜின். புதுசுல ஒரு கோடிக்கு மேல. இப்ப பத்தொம்பது லட்சம் சொல்றாங்க. ஓடினது முப்பத்தோராயிரம் கிலோமீட்டர்தான். ஒருதடவ வந்து பாரேன்."

கார் என்ன கம்பெனி, விற்றவர் யார் என்பதெல்லாம் வேண்டாம். ஆனால் அந்தப் பத்தொன்பது லட்சம் அவன் பதினோரு வருஷ சேமிப்பில் பாதிக்கு மேல். அதனால் போவதற்கு முன்னால் மூன்று வாரம் உட்கார்ந்து படித்தேன். இன்ஜின் வாரியாக என்ன நோய் வரும், எப்படிக் கண்டுபிடிப்பது என்று குறிப்பு எடுத்தேன். அந்தக் குறிப்புதான் இது. நான் மெக்கானிக் இல்லை, சாஃப்ட்வேர் ஆள். ஆனால் பிழை தேடுவது தொழில்.

முதலில் விலைக் கணக்கு. ஒரு கோடி ரூபாய் கார் பத்து பன்னிரண்டு வருஷத்தில் இருபது லட்சத்துக்கு இறங்கிவிடும். அதன் வாட்டர் பம்போ, ஷாக் அப்சார்பரோ, கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரோ அப்படி இறங்காது. அவை இன்றைக்கும் ஒரு கோடி ரூபாய் காரின் பாகங்கள்தான், அதே விலைதான். கூப்பேக்களில் பெரும்பாலானவை முழுசாக வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தவை. பி.எம்.டபிள்யூ 2007இல் இருந்து செங்கல்பட்டு பக்கம் மஹிந்திரா சிட்டியில் கார் கோர்த்துக்கொண்டிருக்கிறது என்பது உண்மை. அங்கே வருவது அதிகம் விற்கும் செடான், எஸ்.யு.வி. வகைகள். கூப்பேக்கு மட்டுமே உரிய கண்ணாடி, கதவு ரப்பர், பம்பர் எல்லாம் ஜெர்மனியில் இருந்து வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அடுத்து, 'குறைவாக ஓடிய கார்' என்ற மயக்கம். பன்னிரண்டு வருஷத்தில் முப்பதாயிரம் கிலோமீட்டர் என்றால் பாதிதான் நல்ல செய்தி. பிஸ்டனும் பேரிங்கும் கிலோமீட்டரில் தேயும். ரப்பரும் பிளாஸ்டிக்கும் வருஷத்தில் கெடும். நம்ம ஊர் வெயிலில் ஷெட்டில் சும்மா நிற்கிற காரில் ஆயில் சீல் இறுகும், கூலன்ட் ஓஸ் வெடிக்கும், பெட்ரோல் பம்ப் ஒட்டிக்கொள்ளும். எலி உள்ளே குடித்தனம் வந்து வயரைக் கடிக்கும் (இதைச் சிரித்துவிட்டுத் தாண்டாதீர்கள், ஒரு முழு வயரிங் ஹார்னஸ் மாற்ற வேண்டி வந்தால் டேஷ்போர்டையே கழற்றணும்). வாரம் ஒருமுறை ஓட்டப்பட்ட எண்பதாயிரம் கிலோமீட்டர் கார், பில்லோடு இருந்தால், நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

இன்ஜின்களும் அவற்றின் நோய்களும்

பி.எம்.டபிள்யூ 650ஐ கூப்பேயில் பழையது இ63 என்ற வகை. அதில் 4.8 லிட்டர் என்62 இன்ஜின். நல்ல இன்ஜின், ஆனால் ரொம்பச் சூடாக ஓடும்படி அமைத்தது. அந்தச் சூட்டில் இரண்டு இடத்தில் ரப்பர் வேகிறது.

ஒன்று, வால்வ் ஸ்டெம் சீல். வால்வின் தண்டைச் சுற்றி இருக்கும் சின்ன ரப்பர் தொப்பி இது. இறுகிப்போனால் மேலே இருக்கும் ஆயில் தண்டு வழியாக சிலிண்டருக்குள் இறங்கும். கார் ஐடிலில் நிற்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் மொத்தமாக எரிந்து நீலப்புகையாக வரும். அதனால் ஸ்டார்ட் பண்ணி இரண்டு நிமிஷத்தில் ஒரு ரவுண்டு போய்வந்தால் ஒன்றும் தெரியாது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு கால் மணி, இருபது நிமிஷம் ஐடிலில் விட்டு, ஒருவரை பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு மிதிக்கணும். நீல மேகம் எழும்பினால் பதினாறு உள்வால்வ், பதினாறு வெளிவால்வ், முப்பத்திரண்டு சீலையும் மாற்ற வேண்டிய வேலை.

இரண்டாவது, கூலன்ட் குழாய். வி வடிவத்தின் நடுப்பள்ளத்தில், முன்பக்க வாட்டர் பம்பிலிருந்து பின்பக்கம் வரை ஓர் அலுமினியக் குழாய் ஓடுகிறது. அதன் நுனியில் இருக்கும் ரப்பர் வெந்து சுருங்கினால் கூலன்ட் மெல்லக் கசியும், முன்பக்கம் ஒரு சின்னத் துளை வழியாகச் சொட்டும். ரப்பர் வளையத்தின் விலை ஒன்றுமில்லை. ஆனால் கம்பெனி முறைப்படி அதைத் தொட இன்ஜினின் முன்பாதியையும் மேல்பாதியையும் பிரிக்கணும். இந்த வேலையின் செலவைப் பார்த்துத்தான் வெளியே சிலர் நீட்டிச் சுருக்கும் குழாய் ஒன்றைச் செய்தார்கள். பழைய குழாயை உள்ளேயே அறுத்தெடுத்துவிட்டு, புதியதைச் சுருக்கி நுழைத்து இரண்டு பக்கமும் விரிய விடலாம். பார்க்கப் போகும்போது டார்ச் அடித்து ஆல்டர்னேட்டர் பக்கமும் வாட்டர் பம்ப் அடியிலும் காய்ந்த கூலன்ட் கறை இருக்கிறதா என்று பாருங்கள். இனிப்பு வாடை அடிக்கும்.

அதற்குப் பிறகு வந்த 650ஐயில் என்63. இதில் இரண்டு டர்போவையும் அந்த நடுப்பள்ளத்திலேயே வைத்துவிட்டார்கள். பவர் சட்டென்று வரும். சூடும் அங்கேயே தேங்கும். ஆயில் குடிப்பது, டைமிங் செயின் நீள்வது, இன்ஜெக்டர் கசிவது என்று புகார்கள் சேர்ந்து, 2014 டிசம்பரில் அமெரிக்காவில் பி.எம்.டபிள்யூவே இந்த இன்ஜினுக்கென்று ஒரு பராமரிப்புத் திட்டம் அறிவித்தது. நம் நாட்டில் வாங்கும்போது கேட்க வேண்டியது, இன்ஜெக்டரும் செயினும் பார்த்த பில் இருக்கிறதா என்பது.

எம்6 என்றால் கதை வேறு. 5 லிட்டர் வி10, 507 குதிரைத்திறன், 8,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் சுற்றும். எஸ்85 என்று பெயர். அதன் பலவீனம் கனெக்டிங் ராட் பேரிங். கிராங்க் ஷாஃப்டுக்கும் ராடுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய பிறைவடிவத் தகடு அது. உலோகம் உலோகத்தைத் தொடாமல் நடுவில் ஓர் ஆயில் படலம்தான் தாங்குகிறது. இதில் இடைவெளி மிகக் குறைவு, போடும் ஆயிலோ 10டபிள்யூ-60, கெட்டியானது. காலையில் குளிர்ந்த இன்ஜினை உறுமவிட்டால் படலம் சரியாகச் சேர்வதற்குள் தேய்மானம் நடந்துவிடும். வெளியே ஒரு சத்தமும் வராது. சத்தம் வரும் நாளில் இன்ஜின் முடிந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஆயிலைக் கொஞ்சம் எடுத்து லேப்பில் கொடுத்து ஈயமும் செம்பும் எவ்வளவு என்று பார்ப்பது. இல்லாவிட்டால் பேரிங் மாற்றிய பில்லைக் கேட்பது. இதே காரில் எஸ்.எம்.ஜி. கியர்பாக்ஸின் ஹைட்ராலிக் பம்பும் திராட்டில் மோட்டார்களும் போகும். எம்6 வாங்குகிறவர் இன்னொரு எம்6க்கு ஆகும் காசைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

மெர்சிடிஸ் பக்கம் வந்தால் 63 ஏ.எம்.ஜி.களின் எம்156, 6.2 லிட்டர். ஒரு மனிதர் கையெழுத்துப் போட்டுக் கோர்த்த இன்ஜின், கேட்டாலே ஆசை வரும். ஆரம்ப கால இன்ஜின்களில் சிலிண்டர் ஹெட்டைப் பிடித்திருக்கும் போல்ட்கள் அரித்து உடைந்தன. போல்ட் போனதும் கூலன்ட் சிலிண்டருக்குள் போகும். தரையில் ஒரு சொட்டு இருக்காது, ஆனால் கூலன்ட் அளவு மட்டும் குறைந்துகொண்டே வரும். ராத்திரி தேங்கிய கூலன்ட் மேல் காலையில் பிஸ்டன் வந்து இடித்தால் ராட் வளையும். பிறகு கம்பெனி போல்ட்டை மாற்றிவிட்டது. அதனால் ஏ.எம்.ஜி. பார்க்கும்போது தயாரிப்பு வருஷத்தை மட்டும் நம்பாமல் இன்ஜின் எண்ணை எடுத்து, அது மாற்றத்துக்கு முந்தியதா பிந்தியதா என்று பாருங்கள்.

சி.எல்.கே., எஸ்.எல்.கே. 350களில் வரும் வி6, எம்272. இதில் பேலன்ஸ் ஷாஃப்டின் பல்சக்கரம் உலோகப்பொடியை அழுத்திச் சூடாக்கிச் செய்தது. முதல் சில வருஷ இன்ஜின்களில் பல் தேய்ந்து டைமிங் தவறும். மாற்ற இன்ஜினையே இறக்கணும். கேம் ஷாஃப்டும் கிராங்க் ஷாஃப்டும் ஒத்துப்போகவில்லை என்று ஸ்கேனரில் பிழை வந்தால், விற்பவர் "சென்சார்தாங்க" என்பார். கேட்டுக்கொள்ளுங்கள், நம்பாதீர்கள்.

போர்ஷே 911இல் 1997 முதல் 2008 வரையிலான சாதாரண வகைகளில் ஐ.எம்.எஸ். என்ற இடைத்தண்டின் பேரிங் பிரசித்தம். அமெரிக்காவில் வழக்கு வரைக்கும் போய், 2001 முதல் 2005 வரையிலான மாடல்களுக்குச் சமரசம் ஆனது. 2009 மாடலில் வந்த புது இன்ஜினில் அந்தத் தண்டே கிடையாது. பழையதை வாங்குவதானால் ஆயில் ஃபில்டரை அறுத்து விரித்து, மடிப்புக்குள் மினுமினுப்பாக உலோகத்தூள் இருக்கிறதா பார்ப்பார்கள். ஆடி ஆர்.எஸ்.5 மாதிரி நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜின்களில் பெட்ரோல் வால்வைக் கழுவாது. அதனால் உள்வால்வில் கரி அப்பும். வால்நட் ஓட்டைப் பொடியாக்கிக் காற்றில் அடித்துச் சுரண்டுவார்கள். அது செலவுதான், ஆனால் சாவு இல்லை.

பெட்ரோலையும் சொல்லிவிடுகிறேன். இந்த இன்ஜின்கள் 95, 98 ஆக்டேனை மனதில் வைத்துச் செய்தவை. நம் பங்க்குகளில் பல வருஷம் சாதாரண பெட்ரோல் 91தான். இன்ஜின் கம்ப்யூட்டர் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்து சமாளிக்கும், பவர் குறையும், சூடு கூடும். 2025இல் இருந்து 20 சதவீத எத்தனால் கலந்தது எல்லா இடத்திலும் வந்துவிட்டது. 2010 வாக்கில் வந்த ஐரோப்பியக் கார்கள் பெரும்பாலும் 10 சதவீதம் வரைக்குமே ஏற்றவை. பழைய பெட்ரோல் ஓஸும் சீலும் எப்படி இருக்கின்றன என்று விரலால் அழுத்திப் பார்ப்பது இப்போது அவசியம்.

கீழே

கியர்பாக்ஸ் பற்றி ஒரே விஷயம். "ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம்" என்று கார் கம்பெனி எழுதியிருக்கும். அந்த ஆறு ஸ்பீடு ஆட்டோமேட்டிக்கைச் செய்து கொடுத்த இசட்.எஃப். கம்பெனியோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. நான் செய்தவன் சொல்வதைத்தான் கேட்பேன். ஓட்டிப் பார்க்கும்போது இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கும் நேரத்தில் பின்னாலிருந்து யாரோ தள்ளியது மாதிரி குலுக்கினால் குறித்துக்கொள்ளுங்கள்.

சஸ்பென்ஷனில் பயப்பட வேண்டியது மெர்சிடிஸ் சி.எல். கூப்பேயின் ஏ.பி.சி. ஸ்பிரிங்கோடு சேர்ந்து நான்கு சக்கரத்திலும் ஹைட்ராலிக் ஆயில், 200 பார் அழுத்தத்தில். ராத்திரி நிறுத்திய கார் காலையில் ஒரு மூலை தாழ்ந்து நின்றால் கசிவு. மற்ற கார்களில் கன்ட்ரோல் ஆர்ம் புஷ்களும் வளைந்த ரிம்மும்தான் வழக்கமான செலவு. செம்பட்டி முக்கிலிருந்து வத்தலக்குண்டு வரை போய்வந்தாலே தெரிந்துவிடும். தாழ்ந்த காரும் நம்ம வேகத்தடையும் சந்திக்கும் இடத்தில் ஆயில் சட்டி அடிவாங்கும். லிஃப்டில் ஏற்றாமல் வாங்கக் கூடாது என்பதற்கு அது ஒன்றே போதும். டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 1814 என்றால் 2014ஆம் வருஷம் பதினெட்டாவது வாரம். பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அந்த டயர் குப்பைக்கு.

நாங்கள் பார்த்த கார்

பத்தரை மணிக்குப் போனோம். கார் கழுவித் துடைத்து நின்றது. மாப்ள கண்ணை அதிலிருந்து எடுக்கவில்லை. நான் பானட்டில் கை வைத்தேன். நல்ல சூடு. வெயில் படாத ஷெட்டில் நிற்கிற கார் ஏன் சூடாக இருக்கணும்? "காலைல ஒரு கஸ்டமருக்குக் காட்டினோம் சார்" என்றார்கள். இருக்கலாம். ஆனால் டைமிங் செயின் சத்தம், ஆயில் புகை, குளிர்ந்த இன்ஜினின் நடுக்கம் எல்லாம் முதல் முப்பது விநாடியில்தான் தெரியும். முன்கூட்டியே சூடாக்கி வைத்தால் அந்த முப்பது விநாடி போச்சு. நாளைக்கு வருகிறோம், ஸ்டார்ட் பண்ணாமல் வையுங்கள் என்று சொல்லிவிட்டு, கோவையிலேயே லாட்ஜ் எடுத்துத் தங்கினோம்.

மறுநாள் குளிர்ந்த இன்ஜின். ஸ்டார்ட் சுத்தம். புகை இல்லை. எனக்கே சபலம் வந்துவிட்டது. பிறகு ஸ்கேனரை மாட்டினேன். பிழைக் குறியீடு ஒன்றுகூட இல்லை. பதிமூன்று வருஷ ஜெர்மன் காரில் ஒன்றுகூட இல்லை என்பதே சந்தேகம். அடுத்த பக்கத்தில் விடை இருந்தது. கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் பட்டியலில் பாதிக்கு மேல் 'முடியவில்லை' என்று இருந்தது. பேட்டரியைக் கழற்றினாலோ பிழைகளை அழித்தாலோதான் அது அப்படி ஆகும். கொஞ்ச நாள் ஓட்டினால் மறுபடி நிரம்பும். லாக் ஃபைலை அழித்துவிட்டு "எர்ரரே இல்ல சார்" என்று சொல்கிற ஜூனியர் பையன்களை இருபது வருஷமாகப் பார்க்கிறேன்.

சரி, எதை அழித்தார்கள்? சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தேன். சீட் தண்டவாளத்தின் போல்ட் தலைகளில் துரு. முப்பதாயிரம் கிலோமீட்டர் காரின் உள்ளே துரு எப்படி? முன்சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தேன். சாதாரணமாக யாரும் அவ்வளவு இழுக்க மாட்டார்கள். சுருளின் உள்பகுதியில் குறுக்கே ஒரு பழுப்புக் கோடு, தண்ணீர் நின்ற அளவு. டிக்கியின் அடித்தட்டைத் தூக்கி, வயர் கட்டுக்குப் பின்னால் விரலை விட்டேன். பவுடர் மாதிரி வண்டல் ஒட்டிக்கொண்டு வந்தது.

பதிவு சென்னை. சர்வீஸ் வரலாற்றின் கடைசி வரி 2015 நவம்பர். அதற்குப் பிறகு எட்டு மாசம் ஒன்றுமே இல்லை. அப்புறம் வேறு ஓனர்.

2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அடித்தள பார்க்கிங்குகள் கூரை வரை நிரம்பின. மூழ்கிய விலையுயர்ந்த கார்களை ரிப்பேர் பண்ணும் செலவு, காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ் கம்பெனி முழு இழப்பு என்று எழுதி, பணத்தைக் கொடுத்துவிட்டு, காரை ஏலத்தில் விற்கும். ஏலத்தில் எடுத்தவர் உலர்த்தி, சீட் உறை மாற்றி, மறுபடி சந்தைக்குக் கொண்டுவருவார். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மூழ்கியவையும் இப்போது அதே வழியில் வந்துகொண்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

மூழ்கிய கார் இன்ஜினால் சாவதில்லை. ஓடாமல் நின்று மூழ்கியிருந்தால் இன்ஜினைச் சுத்தம் செய்து ஓட்டிவிடலாம். (ஓடும்போது தண்ணீரை இழுத்திருந்தால் வேறு கதை. தண்ணீர் அமுங்காது, ராட்தான் வளையும்.) சாவு வயரிங்கில் வருகிறது. இந்த மாதிரிக் கார்களில் பல கன்ட்ரோல் யூனிட்கள் தரைவிரிப்புக்கு அடியிலும் டிக்கி ஓரத்திலும் இருக்கின்றன, எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கும். ஒரு கனெக்டர் முள்ளில் பச்சை பூத்தால் போதும், இன்றைக்கு ஏர்பேக் விளக்கு எரியும், நாளைக்குக் கியர் மாறாது, அடுத்த வாரம் ஸ்டார்ட் ஆகாது. எந்த மெக்கானிக்காலும் ஒரே தடவையில் தீர்க்க முடியாத பிழை அது. சாஃப்ட்வேரிலும் எங்களை அழவைப்பது எப்போதும் வந்து வந்து போகிற பிழைதான்.

நான் கோட்டைக் காட்டியதும் மாப்ள ஒன்றும் பேசவில்லை. விற்பவர், "அது காபி கொட்டினதுங்க" என்றார். ரெண்டு பெல்ட்டிலும் ஒரே உயரத்தில்!

பேப்பர்

சுருக்கமாக. டெல்லிப் பதிவுக் கார்கள் மலிவாக இருக்கும். பத்து வருஷ டீசலும் பதினைந்து வருஷ பெட்ரோலும் அங்கே ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ததிலிருந்து அவை தெற்கே இறங்குகின்றன, பிறகு தளர்வுகள் வந்தபோதும் நிற்கவில்லை. என்.ஓ.சி., கடன் நீக்கிய சான்று, இங்கே கட்ட வேண்டிய சாலைவரி மூன்றையும் கணக்குப் போட்ட பிறகு விலை பேசுங்கள். 2023 நவம்பரில் இருந்து தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு ஆயுள்வரி 20 சதவீதம். பழையதற்கு வயசுக்கு ஏற்பக் குறையும், ஆனாலும் கணிசமான தொகை. பதினைந்து வருஷம் முடிந்தால் பதிவைப் புதுப்பிக்க உள்நாட்டுக் காருக்கு 5,000 ரூபாய், இறக்குமதிக் காருக்கு 40,000. இருபது வருஷம் தாண்டியதற்கு 2025 ஆகஸ்ட் முதல் அது 10,000மும் 80,000மும். 2008 கூப்பேயை ஆசையாக வாங்குகிறவர் இந்த 80,000ஐ இரண்டு வருஷத்தில் சந்திப்பார்.

மாப்ள தோட்டத்தில் போர் போட்டுவிட்டான், 640 அடியில் தண்ணீர். கார் ஆசை விடவில்லை. மிச்சப் பணத்தில் பாதியைத் தொடக் கூடாது, அது ரிப்பேருக்கு என்று தனியாகப் போடச் சொல்லியிருக்கிறேன். வருகிற ஞாயிறு மதுரையில் ஒரு நிஸான் 370இசட் பார்க்கப் போகிறோம், மேனுவல் கியர். அதில் டர்போ இல்லை, ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் இல்லை. ஆனால் டைமிங் கவருக்குப் பின்னால் ஆயில் வழியை மூடும் கேஸ்கெட் பேப்பரால் ஆனது, கிழிந்தால் சூடான ஐடிலில் ஆயில் பிரஷர் விழும். கிளட்ச்சின் ஹைட்ராலிக் சிலிண்டர் கியர்பாக்ஸ் கூட்டுக்குள் இருக்கிறது, கசிந்தால் கியர்பாக்ஸை இறக்கணும். ஆயில் பிரஷர் கேஜ் ஒன்று இரவல் கேட்டிருக்கிறேன். ஸ்டார்ட் பண்ணாமல் வைக்கச் சொல்லிப் போனும் பண்ணியாச்சு.